வலிக்காத காதுக்கு மருந்து

என் அக்கா பொய் சொல்ல மாட்டாள் என்று யாராவது சொன்னால் இப்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அந்தச் சான்றிதழை ஊரெல்லாம் கொடுத்துக்கொண்டு திரிந்தவளே நான்தான். சலவைக்கூடத்தில் யார் வீட்டுப் பிள்ளை எங்கே வளர்கிறது என்ற பேச்சு எழுந்தால் போதும், "எனக்கென்னங்க, என் பையனை எங்க அக்கா பாத்துக்கிறா. கண்ணை மூடிக்கிட்டு விட்டுட்டு வரலாம்" என்பேன். கண்ணை மூடிக்கொண்டுதான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

சலவைக்கூடத்தில் என் வேலை அழுக்கைப் பிரிப்பது. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எண்ணெய் தனி, ரத்தம் தனி, தேநீர் தனி, மூத்திரம் தனி. எல்லாவற்றையும் ஒன்றாக மெஷினில் திணித்தால் கறை துணியிலேயே குடியேறிவிடும். மூட்டையின் முடிச்சை அவிழ்க்கும்போதே உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு நேரமாக ஊறுகிறது என்று சொல்லிவிடுவேன். அதனால் அங்கே எனக்கு மூக்கு என்றே பெயர். "மூக்கைக் கூப்பிடுப்பா, இந்தப் போர்வையில என்ன கொட்டியிருக்குன்னு கேளு" என்று சூப்பர்வைசரே கத்துவார். ஆனால் நாள் முழுக்க ஊரார் அழுக்கை மோந்து பார்த்தவள், வீட்டுக்கு வந்தால் ஒரு துணியையும் மோந்து பார்ப்பதில்லை. பையைத் திறந்து அப்படியே மெஷினில் கவிழ்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவேன். அக்காவுக்கு என்னுடைய இந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும்.

என் மகனுக்கு நாங்கள் வைத்த செல்லப் பெயர் வாலு. அவனுடைய அப்பா லாரி ஓட்டுகிறார், வாரக் கடைசியில்தான் வீட்டில் தலை காட்டுவார். காலையில் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பஸ்ஸைப் பிடித்து அக்கா வீட்டில் இறக்கிவிடுவேன். அங்கிருந்து வேலைக்கு இன்னொரு பஸ். சாயங்காலம் திரும்பவும் அதே கூத்து. அவன் முதல் அடி எடுத்து வைத்தது அக்கா வீட்டு வராந்தாவில். அதை நான் போனில்தான் பார்த்தேன். அவன் "தா" என்று முதலில் கை நீட்டியது அக்காவிடம். அதையும் போனில்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு மூத்திர விரிப்புகளுக்கு நடுவில் நின்று அழுதேன், கையுறையைக் கழற்றினால் நேரமாகும் என்று கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

அப்போதுதான் எங்கள் சலவைக்கூடத்துக்கு எதிர்ச் சாரியில் ஒரு குழந்தைகள் காப்பகம் திறந்தார்கள். நான் நின்று வேலை செய்யும் இடத்து ஜன்னலிலிருந்து அவர்களுடைய முற்றமும் சறுக்குமரமும் தெரியும். மதிய இடைவேளையில் சாலையைத் தாண்டினால் பிள்ளைக்கு நானே ஊட்டிவிடலாம். தலைகால் புரியாமல் ஓடினேன். காப்பகத்து டீச்சர் என் பையனின் வயதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சின்னப் பிள்ளைங்களையும் எடுத்துக்கிறோம். ஆனா டயப்பர் போட்ட பிள்ளைய எடுக்கிறதில்ல. எங்ககிட்ட ஒரே ஆயாதான். உச்சா வந்தா சொல்லத் தெரியணும், வாயால சொல்லாட்டியும் ஏதாவது ஜாடையா காட்டணும். தெரிஞ்சுதுன்னா கூட்டிட்டு வாங்க, ஒரு காலை நேரம் வெச்சுப் பாப்போம். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் உங்க பையனுக்கு இடத்தைப் பிடிச்சு வெக்கிறேன். அதுக்கப்புறம் வேற யாராவது கேட்டா குடுத்துடுவேன்."

வாலுவுக்கு அப்போது ஒரு வயதும் கொஞ்சமும்தான். நடந்தால் நாலு அடிக்கு ஒருமுறை பொத்தென்று உட்காருவான். அவன் அப்பா போனில் சிரித்தார். "அவனுக்கு இன்னும் பல்லே ஒழுங்கா முளைக்கல. அதுக்குள்ள கக்கூஸ் பாடமா?" பக்கத்து வீட்டுக்காரி, "எங்க பையன் ஸ்கூலுக்குப் போற வயசுலயும் நனைச்சான்" என்று ஆறுதல் சொன்னாள். அக்கா மட்டும்தான் சிரிக்கவில்லை. "ஏன் முடியாது? சீக்கிரம் ஆரம்பிச்சா சீக்கிரம் பழகிடும். பகல் முழுக்க என்கிட்டதானே இருக்கான், நான் பாத்துக்கிறேன்டி" என்றாள். அக்கா என்றால் அக்காதான் என்று அன்றைக்கு அவள் கன்னத்தில் முத்தம்கூடக் கொடுத்தேன்.

வாத்து வடிவத்தில் மஞ்சளாக ஒரு பிளாஸ்டிக் இருக்கை விற்றார்கள். முதுகில் குழி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டு வாங்கி, ஒன்றை அக்கா வீட்டில் வைத்தேன். என் வீட்டில் சாயங்காலம் வாலுவை வாத்தின் மேல் உட்கார வைத்து, எதிரில் சம்மணம் போட்டு "ஸ்ஸ்ஸ்" என்று நாக்கு வறள ஊதுவேன். அவன் வாத்தின் கழுத்தைக் கடிப்பான், என் மூக்கைப் பிடிப்பான், பெரிய மனிதன்போல் உட்கார்ந்திருப்பான். சரி, வரவில்லை என்று இறக்கிவிட்டால் அடுத்த நிமிஷம் பாயில் குளம் கட்டியிருக்கும்.

அக்கா வீட்டிலும் அதே கதை என்றுதான் கேள்வி. சாயங்காலம் போனால் கதவருகே நனைந்த கால்சட்டைகள் நிறைந்த பிளாஸ்டிக் பை தொங்கும். "இன்னைக்கும் எல்லாத்தையும் நனைச்சுட்டான்டி. நானும் உக்கார வெச்சு உக்கார வெச்சுப் பாக்கிறேன், மண்டையில ஏறல. சின்னப் பிள்ளைதானே, பாவம். அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்பாள். நான் பையை வாங்கிக்கொண்டு, அவளுக்கு இவ்வளவு சிரமம் கொடுக்கிறோமே என்று கூச்சப்பட்டுக்கொண்டே பஸ் ஏறுவேன். கூச்சப்பட்டேன், பாருங்கள்!

நடுவில் காது வலி வந்தது. வந்தது என்று நான் நினைத்தேன். வாலு விளையாடிக்கொண்டே இருப்பான், திடீரென்று என் முன்னால் வந்து நின்று, வலது காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பான். நான் "என்னடா கண்ணு" என்றால் இன்னும் பலமாக இழுப்பான். காது சிவந்துவிடும். ஒருநாள் பஸ்ஸில் அப்படி இழுத்து இழுத்து அழுதான். அடுத்த நாள் அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, இவன் காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கான். இங்கேயும் அப்படிப் பண்றானா?"

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. "இங்க ஒண்ணும் பண்ணலையே. எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடேன்."

காட்டினேன். டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, "லேசா சிவந்திருக்கு" என்றார். இழுத்தால் சிவக்காதா? ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து அவன் காதைப் பிடித்தபோதெல்லாம் அவனைத் தூக்கி மடியில் கிடத்தி, தலையை முழங்கையால் அழுத்திக்கொண்டு சொட்டு மருந்தை ஊற்றினேன். மருந்து எரியும் போலிருக்கிறது, வீறிட்டு அழுவான். அழுகிற அழுகையில் என் மடியெல்லாம் நனைத்துவிடுவான். வலியில் நனைக்கிறான் என்று நானும் சேர்ந்து அழுவேன். சில நாட்கள் கழித்துக் காதைப் பிடிப்பதை அவனே நிறுத்திவிட்டான். மருந்து வேலை செய்துவிட்டது என்று அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நல்லவேளை" என்றாள்.

டீச்சர் சொன்ன மாதக் கடைசி நெருங்கியது. அந்த வாரம் பார்த்து எங்கள் வீட்டு மெஷின் மண்டையைப் போட்டது. கையால்தான் துவைக்க வேண்டும் என்று அக்கா கொடுத்த பையைக் குளியலறையில் கொட்டினேன். முதல் கால்சட்டையை எடுத்தேன். கை நின்றுவிட்டது.

வாசனை இல்லை. மூக்கடைப்போ என்று உறிஞ்சிப் பார்த்தேன். இல்லை. அடுத்ததை எடுத்தேன், அதுவும் இல்லை. பிள்ளை நனைத்தால் முன்பக்கம்தான் முதலில் நனையும், பிறகு தொடைவழியாக ஒரு பக்கமாக இறங்கும், இடுப்புப் பட்டி காய்ந்தே இருக்கும். இதில் பட்டி, பாக்கெட், கணுக்கால் எல்லாம் ஒரே ஈரம். அதுவும் முறுக்கிப் பிழிந்த ஈரம். பிழிந்த சுருக்கம்கூட அப்படியே இருந்தது. மூத்திரம் போன துணியை யார் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, துவைக்காமல் பையில் போடுவார்கள்? அப்படியே துவைத்திருந்தாலும் சோப்பு வாசனையாவது இருக்க வேண்டாமா? வெறும் குழாய்த் தண்ணீர். என் தலையில் யாரோ நிதானமாக மிளகாய் அரைத்திருக்கிறார்கள். அதுவும் எந்த விஷயத்தில்? ஈரத் துணி விஷயத்தில்! என்னிடம்!

அப்போதும் மனசு அக்காவை விட்டுக்கொடுக்கவில்லை. ஏதாவது காரணம் இருக்கும், போய்க் கேட்டால் சொல்லப்போகிறாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மதியமே லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அக்கா வீட்டுக்குப் பின்பக்கமாக ஒரு சந்து உண்டு. சமையலறையும் துணி துவைக்கும் இடமும் அந்தப் பக்கம்தான், கம்பிக்கதவு போட்டிருக்கும். திருடிபோல் அங்கே போய் நின்றேன். உள்ளே வாலு ஒரு டம்ளரையும் கரண்டியையும் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். டயப்பர் இல்லை, காய்ந்த கால்சட்டை. தட்டிக்கொண்டே இருந்தவன் கரண்டியைப் போட்டான். எழுந்து அக்காவின் முன்னால் போய் நின்றான். வலது காது மடலைப் பிடித்து இழுத்தான்.

"வந்துடுச்சா என் ராஜாவுக்கு? வா வா வா" என்று அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு போய் வாத்தின் மேல் உட்கார வைத்தாள். அவன் வாத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உச்சா போனான். சத்தம் எனக்கே கேட்டது. இரண்டு பேரும் கை தட்டினார்கள். அவன் தானே எழுந்து, குனிந்து குழிக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை என் வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

பிறகு அக்கா கொடியிலிருந்து ஒரு காய்ந்த கால்சட்டையை எடுத்தாள். குழாயைத் திறந்தாள். நனைத்தாள், பிழிந்தாள், பிளாஸ்டிக் பையில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். காய்கறி அலசுவதுபோல் அவ்வளவு இயல்பாகச் செய்தாள். எத்தனை நாள் பழக்கமோ.

"நல்லாப் பிழிக்கா. பஸ்ஸுல சொட்டும்" என்றேன்.

கால்சட்டை அவள் கையிலிருந்து விழுந்தது. கையும் களவுமாக அகப்பட்டால் மனிதர்கள் சாக்குச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவளோ நேராக வந்து கம்பிக்கதவைத் திறந்துவிட்டாள். வாலு "ம்மா" என்றான். எங்களில் யாரை என்று தெரியவில்லை.

"எப்போலேருந்து?"

"நீ வாத்து வாங்கிக் குடுத்து ரெண்டு மூணு வாரத்துலயே பழகிட்டான்டி. உச்சா வர்ற நேரத்துல தானா காதைத் தொடுவான். நான் அதையே பிடிச்சுக்கிட்டேன். கெட்டிக்காரன், டக்குன்னு புரிஞ்சுக்கிட்டான். அன்னைக்குச் சாயங்காலம் உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நீ வாசல்ல வந்து நின்னதும் சொல்ல வரல."

"ஏன்?"

"சொன்னா கூட்டிட்டுப் போயிடுவியே." அவள் குரல் இறங்கிவிட்டது. "என் பையன் இந்த வயசுல இருந்தப்ப நான் ஃபேக்டரியில நின்னேன். அவன் எப்ப நடந்தான், எப்பப் பேசினான், எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப வேற ஊர்ல இருக்கான், மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்றான். உன் பிள்ளை வந்தப்புறம்தான்டி இந்த வீட்டுல சத்தமே வந்துச்சு."

"பிள்ளைய வேற யார்கிட்டயோ விட்டுட்டு வேலையில நிக்கிறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்கு அதையே பண்ணினியாக்கா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு இரக்கம் வந்திருக்கும், நான் ஒன்றும் கல் இல்லை. பிள்ளை ஆசையில் மறைத்தாள் என்று ஒருநாள் மன்னித்தும் இருப்பேன். ஆனால் என் கண் வாலுவின் காதில் போய் நின்றது. அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"காது இழுக்கிறான்னு உன்கிட்ட வந்து சொன்னேனே. டாக்டர்கிட்ட காட்டுன்னு சொன்னியே! ஒண்ணுமில்லாத காதுல நான் மருந்தை ஊத்தியிருக்கேன்டி! கையைக் காலை அமுக்கிப் பிடிச்சு ஊத்தியிருக்கேன்! உச்சா வருதும்மான்னு அவன் என்கிட்ட வந்து வந்து கெஞ்சியிருக்கான், நான் ஊத்து ஊத்துன்னு ஊத்தியிருக்கேன். அப்பக்கூட உன் வாய் திறக்கலையே? நல்லவேளைன்னு சொன்னியே, எது நல்லவேளை?"

வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவை 'டி' போட்டேன். "சொட்டு மருந்துதானே, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்" என்றாள். இதைத்தான் என்னால் இன்றுவரை முழுங்க முடியவில்லை.

சத்தம் கேட்டு மாமா உள்ளறையிலிருந்து வந்தார். அக்காவின் கணவர், எறும்பை மிதித்தால்கூட மன்னிப்புக் கேட்கிற ஆள். என்னைப் பார்த்தார், குழாயடியில் கிடந்த கால்சட்டையைப் பார்த்தார்.

"நான் சொன்னேன்மா. தப்பு, சொல்லிடுன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

"அவகிட்ட சொன்னீங்க. என்கிட்ட ஏன் மாமா சொல்லல? என் போன் நம்பர் உங்ககிட்ட இல்லையா?"

அவர் குனிந்து அந்தக் கால்சட்டையை எடுத்துக் கொடியில் போட்டார். ஆக வீட்டில் எல்லாருக்கும் தெரியும். என் காதில் மட்டும் கூடை கூடையாகப் பூச் சுற்றியிருக்கிறார்கள். வாலுவின் துணி, கரண்டி, டம்ளர், அந்த வாத்து, எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டினேன். டம்ளர் அவர்களுடையது. எடுத்துக்கொண்டேன். அக்கா வாசல்வரை வந்து, "ஒரே ஒரு தடவை தூக்கிட்டுத் தரேன்டி" என்றாள். நான் கொடுக்கவில்லை.

பஸ்ஸிலிருந்தே காப்பகத்து டீச்சருக்குப் போன் போட்டேன். "என் பையனுக்குத் தெரியும் டீச்சர். நல்லாவே தெரியும்" என்று கத்தினேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாளைக் காலையில் கூட்டிவாருங்கள் என்றார் டீச்சர். வாலு என் தோளில் தூங்கிவிட்டான். வீட்டுக்குப் போனதும் அந்த மருந்துப் புட்டியை அப்படியே குப்பையில் வீசினேன். இனி என் பிள்ளை, என் ஜன்னல், எதிர்ச் சாரி என்று நெஞ்சுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டேன்.

காலையில் காப்பகத்தில் சிவப்புப் பாய் விரித்த அறையில் அவனை இறக்கிவிட்டேன். மூலையில் வரிசையாகச் சின்னச் சின்ன இருக்கைகள். டீச்சரிடமும் ஆயாவிடமும் விளக்கமாகச் சொன்னேன். "காதைப் பிடிச்சு இழுத்தா உச்சா வருதுன்னு அர்த்தம். வேற எதுவும் இல்ல, காதுல ஒரு கோளாறும் இல்ல." ஆயா சிரித்தார். "நல்ல ஜாடையா இருக்கே" என்றார்.

தண்ணீர் குடிக்க வைத்துவிட்டுக் காத்திருந்தோம். வாலு ஒரு மரவண்டியை உருட்டினான். கொஞ்ச நேரத்தில் வண்டி நின்றது. முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசின. எனக்குத் தெரிந்துவிட்டது. நான் மண்டியிட்டு, "வா கண்ணு, அம்மாகிட்ட சொல்லு" என்றேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினான். கை காதுக்குப் பக்கத்தில் வந்தது. அங்கேயே நின்றது. பிறகு அந்தக் கையைச் சட்டென்று இறக்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். சிவப்புப் பாயில் ஈரம் பரவியது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

"அவனுக்குத் தெரியும் டீச்சர். சத்தியமாத் தெரியும். என் கண்ணால பார்த்தேன்."

"எல்லா அம்மாவும் இதைத்தாம்மா சொல்வாங்க" என்றார் டீச்சர். பிறகு அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணு பண்ணுங்க. கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க. உங்க முகம் தெரியாம இருந்தா எப்படி இருக்கான்னு பாக்கிறேன்."

வெளியே பெஞ்சில் உட்கார முடியவில்லை. ஜன்னல் ஓரமாகச் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன். வாலு அழவில்லை, என்னைத் தேடவும் இல்லை. ஆயா மாற்றிவிட்ட கால்சட்டையில் மரவண்டியோடு சுற்றினான், மற்றப் பிள்ளைகளோடு தண்ணீர் குடித்தான். பிறகு அந்த ஆயாவின் முன்னால், அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்த அந்த மனுஷியின் முன்னால் போய் நின்று, காது மடலைப் பிடித்து இழுத்தான். ஆயா அள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்தார். முடிந்ததும் எழுந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான். உள்ளே எல்லாரும் கை தட்டினார்கள்.

டீச்சர் வெளியே வந்து என் தோளில் கை வைத்தார். "இடம் உங்க பையனுக்குத்தான். திங்கக்கிழமையிலேருந்து அனுப்புங்க. இவ்வளவு சின்ன வயசுல இவ்வளவு தெளிவா சொல்ற பிள்ளைய நான் பார்த்ததே இல்ல" என்றார். நான் நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன். எதற்காக இத்தனை நாள் தவமிருந்தேனோ அது கையில் வந்து விழுந்தது. பிள்ளையின் ஒரு வருஷப் பகல்களை அக்கா எடுத்துக்கொண்டாள், போகட்டும், அதை இந்த ஜன்னல் திருப்பிக் கொடுக்கும். என்னிடம் எதையாவது சொல்ல அவனுக்கு இருந்த அந்தத் தைரியத்தையும் சேர்த்து எடுத்துவிட்டாளே, பாவி, அதை எந்த வீட்டில் போய்க் கேட்பேன்?

உள்ளே போனேன். வாலு என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே தத்தித் தத்தி ஓடிவந்தான். தூக்குவதற்காகக் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினேன். பாதி வழியில் நின்றுவிட்டான். உள்ளங்கையால் வலது காதைப் பொத்திக்கொண்டான்.

"மருந்து இல்லடா கண்ணு. இங்க பாரு, அம்மா கையில ஒண்ணுமே இல்ல" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

அவன் ஒரு கையைப் பார்த்தான், மறு கையையும் பார்த்தான். காதைப் பொத்திய கையை எடுக்காமலே என்னிடம் வந்தான்.